ஐந்தாம் கேள்வி

காலை ஓட்டம் முடித்துப்
பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டால்
இரண்டரை மணி வரை என் நேரம்.
நூலகத்து நுண்படச் சுருள் எந்திரம்
என் முழங்காலைப் போலவே
முனகிக்கொண்டுதான் தொடங்கும்.

தேடுவது டோர்கர் ஆஸ்லாக்சனை.
அம்மாவின் தாத்தாவுக்குத் தகப்பன்.
1862-ல் விஸ்கான்சின் காலாட்படையில் சேர்ந்தவர்.
பதிவேட்டில் "டக்கர் ஓக்ஸ்லாசன்".
எழுதிய குமாஸ்தாவுக்கு நார்வேக் காது இல்லை.
உயரம் ஐந்தடி ஐந்து. கண் நீலம். தொழில் கூலி.
கையெழுத்து விழ வேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.
அந்த ஊர்க் கைநாட்டு.

கொடி பிடித்தவர் என்பார் வெர்லின் மாமா,
ஒவ்வொரு நவம்பர் விருந்திலும்,
வான்கோழியில் கத்தி இறங்கும்போது சரியாக.
சுண்டுவிரல் தோட்டாவோடு போனதாம்.
கோப்பு வேறு சொல்கிறது.
சிக்கமாகாவில் அவர் கம்பெனி சிதறிய இரண்டு நாளும்
அவர் நாஷ்வில் மருத்துவமனையில்,
வயிற்றுப்போக்கு.
பக்கத்துக் கட்டில்காரன் பின்னாளில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான்:
"என் குளிர்சுரத்துக்குத் தன் கம்பளியைத் தந்தார்.
பிறகு அவரும் நடுங்கினார்."
விரல் போனது 1871-ல், கதிரடிக்கும் எந்திரத்தில்.
மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.
வான்கோழி ஆறிவிடும்.

ஓய்வூதியத்துக்குச் சோதித்த மருத்துவர்
நாக்கு, நாடி, பல் எல்லாம் குறித்துவிட்டு
"ஒரு ஆளின் வேலையில் பாதிதான் முடியும்" என்று முடிக்கிறார்.
மாதம் எட்டு டாலர்.
எந்தப் பாதி என்று எழுதவில்லை.

1870 கணக்கெடுப்பில்
"எழுதத் தெரியாது" கட்டத்தில் ஒரு கோடு.
1880-ல் அந்தக் கட்டம் வெறுமை.
எடுத்தவன் மறந்திருப்பான் என்று தாண்டிப் போனேன்.
அடுத்த கணக்கெடுப்பு நெருப்புக்குப் போயிற்று,
ஒரு தலைமுறையே புகையில்.
குருட்டுச் சந்தில் நின்றால் திரும்பி வர வேண்டும்;
பேருந்து சொல்லித்தந்த பாடம்.
திரும்பினேன், தேவாலய ஏட்டுக்கு.

1879, பிப்ரவரி.
சிக்னே, ஏழு வயது.
நில்ஸ், ஐந்து.
இடையில் நான்கு நாள்.
தொண்டை அடைப்பான்.
ஓரத்தில் போதகரின் சின்ன எழுத்து:
நிலம் உறைந்திருக்கிறது. பெட்டிகள் ஏப்ரல் வரை களஞ்சியத்தில்.

அன்று அதற்குமேல் சுருளைச் சுற்றவில்லை.
மதிய ஓட்டத்தில் பின்னிருக்கைப் பிள்ளைகள்
தொண்டை கிழியக் கத்தினார்கள்.
அதட்டவில்லை.

கோப்பின் கடைசித் தாள் 1898.
ஓய்வூதிய அலுவலகத்தின் அச்சுப் படிவம்.
மனைவி பெயர்: குன்ஹில்ட்.
முன்பு மணமானவரா: இல்லை.
ஐந்தாம் கேள்வி: உயிரோடிருக்கும் பிள்ளைகள் உண்டா?
பெயரும் பிறந்த நாளும் தருக.

பென்சில் அல்ல, மை.
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
பனியில் நடப்பவன் காலடி மாதிரி ஆழமாக.
ஆஸ்லாக்.
சிக்னே.
பெர்கிட்.
நில்ஸ்.
டோரா.
ஐவருக்கும் பிறந்த தேதி.
கீழே கையெழுத்து, முழுப்பெயர்,
எந்தக் குமாஸ்தாவாலும் கெடாத எழுத்துக்கூட்டலில்.

வாஷிங்டனில் யாரோ
சிக்னே மேலும் நில்ஸ் மேலும்
சிவப்பு மையில் அடித்திருக்கிறார்கள்.
கோடு நேர்.
அளவுகோல் வைத்திருப்பார்கள்.

கேள்வியைத் தப்பாகப் படித்தாரா?
ஆங்கிலம் அவருக்குக் கடன் வாங்கிய கோட்டு,
தோள் இறுகும், கை நீளம்.
அல்லது சரியாகத்தான் படித்தாரா?
யார் கற்றுத் தந்தது, எந்தக் குளிர்காலத்தில்,
எந்தப் பெயரை முதலில் எழுதிப் பழகினார்?
எந்தச் சுருளிலும் இல்லை.

நகல் எடுத்தேன், பக்கத்துக்கு இருபத்தைந்து சென்ட்.
அந்த எந்திரத்தில் நிறம் வராது.
வெளியே வந்து பார்த்தால்
சிவப்புக் கோடு வெறும் சாம்பலாக,
அதன் அடியில் இரண்டு பெயரும்
படிக்கும்படிதான் இருக்கின்றன.

மணி இரண்டு இருபது.
பேருந்து சூடாக ஐந்து நிமிடம் ஆகும்.